அப்பாவின் ஹெரால்டுக்கு வீட்டு ஷெட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, அப்பா 1969-ல் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பல வருடமாக வீட்டையொட்டிய ஷெட்டில் நிற்கிறது. பெயின்ட் பொரிந்து, கதவுக்குக் கீழே துரு பிடித்திருக்கிறது. கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் வாங்கி நானே அடிக்க ஆசை. பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னும் என்கிறார் கடைக்காரர். என் தம்பி மெட்டாலிக் சிவப்பு கேட்கிறான். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த வண்டியை விற்காமல் வைத்திருந்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும், தம்பி. சென்னை வண்டலூர்ப் பக்கம் நம் ஆட்கள் கையால் உருவான கார் அது. சேஸிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடி தனி என்பதால் வீட்டில் வேலை செய்யத் தோதானது. போனெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும்.

பெயின்டைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்கடியிலும் சக்கர வளைவிலும் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் யாரோ தடிமனாகப் பூசிய பட்டிதான் இருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, புதுத் தகடு வெல்டிங் செய்யுங்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். துருமேல் பட்டி பார்த்தால் அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். வெறும் இரும்பில் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பட்டி என்பதுதான் நான் கற்ற முறை. சேஸிஸிலேயே ஓட்டை இருந்தால் நல்ல டிங்கரிடம் விட்டுவிடுங்கள். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் பாடி தொய்ந்து, கதவு பொருந்தாமல் போகும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வாட்டர் பேப்பரால் நனைத்தே தேயுங்கள். தேய்த்த சேற்றைக் குழந்தைகள் மிதிக்க விடாதீர்கள்.

பி.யூ. பெயின்ட் உங்கள் ஷெட்டுக்கு வேண்டவே வேண்டாம். அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அந்தப் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். ஒருமுறை வந்தால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இறுக்கும். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் தரும் முகமூடி வேண்டும். கைக்குட்டையோ சாதாரண மாஸ்க்கோ காக்காது.

நீங்கள் அடிக்க வேண்டியது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட். தின்னர் ஆவியாகி உலர்வது. வழிந்தால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். கன்னிலிருந்து மங்கலாகத்தான் வரும். 1500, 2000 நம்பர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட் என்று கையால் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு எழும். அந்தக் காலத்து வண்டிக்கு அந்த ஆழமான பளபளப்புதான் அழகு. இதற்கும் ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து வீட்டுக்குள் போகும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள். கம்ப்ரஸரும் வெளியே. அன்று பூஜை விளக்கு, அடுப்பு எதுவும் எரியக்கூடாது.

உங்கள் தம்பி கேட்ட சிவப்பில் எனக்கு உடன்பாடில்லை. கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பாருங்கள், வெயில் படாத பழைய நிறம் இருக்கும். அதைக் காட்டி கடையில் கலக்கச் சொல்லுங்கள். நிறம் மாறினால் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியும் சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றும் பழையபடியே இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அப்படிப் பதிந்தால் தினமும் சாலையில் ஓட்ட முடியாது, யோசித்துச் செய்யுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கன்னைத் தொடாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து பெயின்ட் வெளுத்துப்போகும். சித்திரை வெயிலிலோ பெயின்ட் பாதி வழியிலேயே உலர்ந்து பொடியாக விழும். மழை மாதங்களைத் தகடு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தை பிற்பாதியில், பனி விலகிய காலை பத்து மணிக்குமேல் முதல் கோட் அடியுங்கள்.