எம்மி சிலையும் ஈசூன் வாசகியின் கோபமும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, நம் சிங்கப்பூர்த் தொலைக்காட்சி விருது விழாக்களில் சிறந்த நடிகை என்று சுற்றிச் சுற்றி அதே முகங்களைத்தான் மேடையேற்றுகிறார்கள். அமெரிக்காவின் தொலைக்காட்சி விருதான எம்மியில் ஆரம்பத்திலிருந்தே திறமையை மட்டும் பார்த்து நாடக நடிகையைத் தேர்ந்தெடுக்கிறார்களாமே! நாம் எப்போது அப்படி மாறுவோம்? (நம்மூர் நாடகங்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. சென்னை சீரியல்களுக்கே நேரம் சரியாக இருக்கிறது.)
— ஒரு வாசகி, ஈசூன்

பதில்: அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்களே அம்மா, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் எம்மி.

1949 ஜனவரியில் நடந்த முதல் விழாவில் நடிகைக்கு என்று விருதே கிடையாது. அன்று சிலை வாங்கிய பெண் ஷெர்லி டின்ஸ்டேல், கையில் பொம்மையை வைத்து அதைப் பேசவைக்கிறவர். நடிகை விருது 1951இல் வந்தது; வாங்கியவர் கெர்ட்ரூட் பெர்க். ஆனால் அழவைத்தவரா, சிரிக்கவைத்தவரா என்றெல்லாம் அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தது ஒரே கூத்து. பிரிப்பார்கள், சேர்ப்பார்கள், பெயரை மாற்றுவார்கள். 1959இல் நாடகத் தொடர் நடிகைக்குத் தனி விருது வைத்து லொரேட்டா யங்குக்குக் கொடுத்தார்கள். மறுவருடமே அதை எடுத்துவிட்டு எல்லாரையும் ஒரே பானையில் போட்டார்கள். 1962, 1963 இரண்டு வருடமும் விருதைக் கொண்டுபோன ஷெர்லி பூத், நகைச்சுவைத் தொடரில் வீட்டுப் பணிப்பெண்ணாக வந்தவர். கண்ணீர் விட்டு நடித்தவர்களெல்லாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

1965இல் ஆண், பெண் என்ற பிரிவுகூட வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். விளைவு, இசைக்குழு நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன், பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், சிரிப்பு நடிகர் டிக் வான் டைக் எல்லாரும் ஒரே பிரிவில் வெற்றியாளர்கள்! நம்மூரில் இப்படி ஒன்று நடந்திருந்தால் தேக்கா கோப்பிக்கடைகளில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இருந்திருக்காது. அடுத்த வருடம்தான் நாடகம் வேறு, நகைச்சுவை வேறு என்று பிரித்து, ‘தி பிக் வேலி’ தொடருக்காக பார்பரா ஸ்டான்விக்கிடம் சிலையைக் கொடுத்தார்கள். இன்று நீங்கள் மெச்சுகிற விருது அங்கிருந்துதான் நிலையாக வருகிறது.

‘அதே முகம்’ என்கிறீர்கள். 1967, 68, 69 மூன்று வருடமும் வாங்கியவர் பார்பரா பெயின் ஒருவரே. 1983 முதல் 1988 வரை ஆறு வருடம் விருது ஒரே தொடரை விட்டு நகரவில்லை. இரண்டு பெண் போலீஸ் அதிகாரிகளின் கதையான ‘கேக்னி அண்ட் லேசி’ அது. டைன் டேலி நான்கு முறை, ஷேரன் கிளெஸ் இரண்டு முறை. இத்தனைக்கும் 1983இல் அந்தத் தொடரை நிறுத்தியேவிட்டார்கள். ரசிகர்கள் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதித்தான் அது திரும்பி வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திறமை மட்டும் போதுமா என்பதை சூசன் லூச்சியிடம் கேட்டிருக்க வேண்டும். பகல் நேரத் தொடர்களுக்கான எம்மியில், அதுவும் நாடக நடிகைப் பிரிவில்தான், 1978 முதல் 18 முறை பரிந்துரைக்கப்பட்டு 18 முறையும் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். 1999இல், பத்தொன்பதாவது தடவையில்தான் கிடைத்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதுவரை அவருக்கு நடிக்கத் தெரியாமலா இருந்தது?

இரவு நேரத் தொடர்களுக்கான எம்மியில் ஒரு கறுப்பின நடிகைக்கு முதன்மை நாடக நடிகை விருது முதன்முதலில் எப்போது கிடைத்தது தெரியுமா? 2015இல், வயோலா டேவிஸுக்கு. எழுதப்படாத பாத்திரத்துக்கு எம்மி வாங்க முடியாது என்று மேடையிலேயே சொன்னார். ஆசிய வம்சாவளியில் அந்தப் பிரிவின் பரிந்துரைப் பட்டியலில் முதலில் வந்தவர் சாண்ட்ரா ஓ, 2018இல். முதலில் வென்றவர் அன்னா சவாய், 2024இல். சவாய் வென்ற ‘ஷோகன்’ தொடரில் வசனம் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில். எனக்குப் பிடித்த செய்தி இதுதான்: சொந்த மொழியில் பேசி நடித்தவரைத் தேடி ஹாலிவுட் சிலை வந்திருக்கிறது.

இனி நம்மூர். இங்கே வருடத்துக்கு எடுக்கிற தமிழ்த் தொடர்களே கொஞ்சம். அதில் ஒரு பெண்ணைச் சுற்றிக் கதை நகர்வது அதனினும் கொஞ்சம். வில்லி, நல்ல மருமகள், ஒரு காட்சிக்கு வந்து கோப்பி கொடுத்துவிட்டுப் போகும் அக்கா. இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் புதுமுகம் எங்கிருந்து வரும்? நடுவர்களைக் குறை சொல்வதற்கு முன் கதை எழுதுகிறவர்களைக் கேளுங்கள். நடுவர்கள் முன்னால் இருக்கிற நாலு பேரில் ஒருவரைத்தானே எடுக்க முடியும்?

கடைசியாக அந்த அடைப்புக்குறி. நாடகத்தையே பார்க்காமல், விருது தப்பான ஆளுக்குப் போய்விட்டது என்று எப்படியம்மா கண்டுபிடித்தீர்கள்? எம்மியில் வாக்களிக்கிறவர்கள்கூட நடிகை அனுப்புகிற ஓர் எபிசோடையாவது பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களும் இந்த வாரம் ஓர் உள்ளூர்த் தொடரில் நாலு எபிசோட் பாருங்கள். பார்த்துவிட்டு, இன்னாருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று பெயர் போட்டுத் திட்டி எழுதுங்கள். ஒரு வரி வெட்டாமல் போடுகிறேன்.