சி-யில ஸ்ட்ரீம் இன்டர்ஃபேஸ்: ஃபங்ஷன் பாயிண்டர் ஈஸி, ரிட்டர்ன் வேல்யூதான் கஷ்டம்

கேள்வி இதுதான்: "டேட்டா லாகர் ஃபர்ம்வேர்ல வேலை பாக்கறேன். கான்ஃபிக்கை படிச்சு பிரிக்கிற பார்சர் எஸ்டி கார்டு ஃபைலுக்கு ஒண்ணு, யூஆர்ட்-ல (சீரியல் போர்ட்) வர்றதுக்கு ஒண்ணு, மெமரி பஃபருக்கு ஒண்ணுன்னு மூணு காப்பி ஆயிடுச்சு. ஒரே பார்சர் ஆக்கணும். ஃபங்ஷன் பாயிண்டர் வச்சு பண்ணலாம்னு தெரியுது, ஆனா உள்ள எந்தெந்த ஃபங்ஷன் வைக்கணும், எது என்ன ரிட்டர்ன் பண்ணணும்னு பிடிபடல. பின்னாடி கம்ப்ரஷனும் சேக்கணும்."

உங்களுக்கு வேண்டியது ஒரு ஸ்ட்ரீம் இன்டர்ஃபேஸ், அதாவது பைட் எங்கேந்து வந்தாலும் பார்சர் ஒரே மாதிரி படிக்கிற ஒரு பொது அமைப்பு. நல்ல நேரத்துல கேட்டீங்க, மூணு காப்பி ஆறு காப்பி ஆகறதுக்குள்ள இதை சரி பண்ணிடலாம்.

முதல்ல ஒண்ணு, இதை நாமே எழுதித்தான் ஆகணுமான்னு பாத்துக்கோங்க. ஸ்டாண்டர்ட் சி-யில இருக்கற ஃபைல் பாயிண்டருக்குள்ள நம்ம சொந்த ரீட் ரைட்டை சொருக வழியே கிடையாது, ஆனா லினக்ஸோட சி லைப்ரரியான ஜிலிப்சி-யில எஃப்ஓப்பன்குக்கி இருக்கு, பிஎஸ்டி பக்கமும் மேக்-லயும் ஃபன்ஓப்பன் இருக்கு, ரெண்டுமே ரீட், ரைட், சீக், க்ளோஸ்னு நாலு ஃபங்ஷன் வாங்கிட்டு ஒரு ஃபைல் பாயிண்டரை கையில குடுக்கும். மெமரிக்கு மட்டும்னா 2008 போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டம்களுக்கான பொது ஸ்டாண்டர்ட்)-லயே எஃப்மெம்ஓப்பன், ஓப்பன்_மெம்ஸ்ட்ரீம் ரெண்டும் வந்துடுச்சு. லினக்ஸ்-ல மட்டும் ஓடற ப்ரோக்ராம்னா இதையே யூஸ் பண்ணுங்க, பார்சரை தொடவே வேணாம். உங்க கேஸ் கன்ட்ரோலர், ஒவ்வொரு கேபி-யும் எண்ணி வைக்கிற இடம், அதனால சொந்தமா எழுதறதுதான் சரி.

அமைப்பு ரொம்ப சிம்பிள். ரெண்டு ஸ்ட்ரக்ட் போதும். முதல் ஸ்ட்ரக்ட்ல வெறும் ஃபங்ஷன் பாயிண்டர்கள் (எந்த ஃபங்ஷனை கூப்பிடணும்னு காட்டற முகவரிகள்): ரீட், ரைட், சீக், க்ளோஸ். ரெண்டாவதுதான் ஸ்ட்ரீம், அதுல முதல் ஸ்ட்ரக்டுக்கு ஒரு பாயிண்டர், கூட எரர் நிலையை வைக்க ஒரு இன்ட். முதல் ஸ்ட்ரக்டை ஸ்டேடிக் கான்ஸ்ட்-ஆ போடுங்க, அப்ப அது ஃப்ளாஷ்லயே உக்காந்துக்கும், 32 பிட் கன்ட்ரோலர்ல நாலு பாயிண்டர்னா 16 பைட், அது ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் ரேம்-ல போகாம 4 பைட்டோட முடிஞ்சிடும். லினக்ஸ் கெர்னல்ல ஒவ்வொரு டிரைவரும் ஃபைல்_ஆபரேஷன்ஸ்னு ஒரு கான்ஸ்ட் டேபிள் வச்சிருக்கறது இதே ஐடியாதான். டிரைவருக்கு எது முடியாதோ அந்த இடத்துல நல் (வெற்று பாயிண்டர்), அவ்வளவுதான். யூஆர்ட்-க்கு சீக் கிடையாது, நல் வைங்க, மேல இருக்கற ராப்பர் ஃபங்ஷன் (இந்த பாயிண்டர்களை கூப்பிடற மேலுறை) நல்-ஆன்னு பாத்து "சப்போர்ட் இல்ல"ங்கற எரரை குடுக்கட்டும்.

ஒவ்வொரு வகைக்கும் சொந்த டேட்டா வேணுமே, அதுக்கு நிறைய பேர் ஸ்ட்ரீம்ல ஒரு வாய்டு பாயிண்டர் வைப்பாங்க. தப்பில்ல. எனக்கு பிடிச்சது வேற: மெமரி ஸ்ட்ரீம்னு தனி ஸ்ட்ரக்ட் போட்டு அதோட முதல் மெம்பரா பொது ஸ்ட்ரீமை வச்சிடறது. ஸ்ட்ரக்டோட பாயிண்டரும் அதோட முதல் மெம்பரோட பாயிண்டரும் ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கலாம்னு சி ஸ்டாண்டர்டே அனுமதிக்குது, அதனால உள்ள வந்ததும் கேஸ்ட் பண்ணிக்கலாம், மேலாக் போட்டு தனியா மெமரி கேக்க தேவையில்ல, ஸ்டாக்லயே ஸ்ட்ரீமை வச்சுக்கலாம். ஃபர்ம்வேருக்கு இது பெரிய நிம்மதி.

இது வரைக்கும் அரை நாள் வேலை. இனிமே சொல்றதுதான் முக்கியம், இங்கதான் எல்லாரும் அவசரப்பட்டு பின்னாடி வருஷக்கணக்கா கஷ்டப்படறாங்க. ரீட்-ஐ கூப்பிட்டா என்ன நடக்கலாம்? கேட்டது முழுசா வரலாம், கொஞ்சம்தான் வரலாம், ஃபைல் முடிஞ்சிருக்கலாம், எரர் ஆகலாம். இந்த நாலையும் கூப்பிடறவன் பிரிச்சு பாக்க முடியணும். கேம் எழுத யூஸ் பண்ற எஸ்டிஎல் லைப்ரரியோட ரெண்டாவது வெர்ஷன்ல ரீட் ஃபங்ஷன் எத்தனை ஆப்ஜெக்ட் படிச்சோம்னு ரிட்டர்ன் பண்ணும், முடிஞ்சாலும் ஜீரோ, எரர்னாலும் ஜீரோ, எதுன்னு ரிட்டர்ன் வேல்யூவை வச்சு சொல்லவே முடியாது. மூணாவது வெர்ஷன்ல அதை பைட் கணக்கா மாத்தி, என்ன ஆச்சுன்னு கேக்க தனியா ஸ்டேட்டஸ் ஃபங்ஷனும் குடுத்தாங்க. அத்தனை பேர் யூஸ் பண்ற லைப்ரரியிலயே இப்படி இன்டர்ஃபேஸை உடைச்சு மாத்த வேண்டி வந்துச்சு. நீங்க முதல் நாளே சரியா போட்டுடுங்க.

நான் போடற விதி இப்படி. பாசிட்டிவ் நம்பர் வந்தா அத்தனை பைட் வந்திருக்கு, கேட்டதை விட கம்மியா வர்றது எப்பவும் நார்மல். ஜீரோ வந்தா முடிஞ்சிடுச்சு, ஜீரோவுக்கு வேற எந்த அர்த்தமும் கிடையாது. நெகட்டிவ்னா எரர், எந்த எரர்ங்கறது அந்த நம்பர்லயே இருக்கும். ஜீரோ பைட் கேட்டு யாராவது கூப்பிட்டா ராப்பரே திருப்பி அனுப்பிடணும், கீழ இருக்கற ஃபங்ஷன் வரைக்கும் போகக்கூடாது, இல்லன்னா ஜீரோவோட அர்த்தம் கெட்டுடும். இன்னொண்ணு, 100 பைட் படிச்ச பிறகு எரர் வந்தா 100-ஐ குடுத்துடுங்க, எரரை ஞாபகம் வச்சு அடுத்த கால்-ல குடுங்க. கோ மொழியில ரீடர் டேட்டாவையும் எரரையும் சேத்தே குடுக்கலாம், அங்க ரெண்டு ரிட்டர்ன் வேல்யூ இருக்கு, அப்படியும் "முதல்ல வந்த பைட்டை கவனி, அப்புறம் எரரை பாரு"ன்னு டாக்குமென்ட்ல எழுதி வைக்க வேண்டியிருக்கு. சி-யில அந்த தலைவலி வேணாம்.

கம்மியா வர்றது நார்மல்னு சொன்னேன்ல, அதை லேசா எடுத்துக்காதீங்க. நான் ஆரம்பத்துல எழுதின ஒரு ப்ரோக்ராம்ல 12 பைட் ஹெட்டரை ஒரே ரீட்ல படிச்சுட்டு ரிட்டர்ன் வேல்யூ 12 இல்லன்னா "ஃபைல் கெட்டுப் போச்சு"ன்னு தூக்கி போட்டுட்டேன். டெஸ்ட்ல ஃபைல்லேந்து படிச்சோம், எப்பவும் 12 வந்துச்சு. நெட்வொர்க்ல போட்டப்ப ஹெட்டர் ரெண்டு பாக்கெட்டுக்கு நடுவுல விழுந்து முதல்ல 8, அடுத்து 4-ன்னு வந்துச்சு, டேட்டா ஒரு பைட் கூட தப்பில்ல, ஆனா ப்ரோக்ராம் அதை குப்பைன்னு சொல்லிடுச்சு. ரெண்டு நாள் தேடினேன். அதனால "கேட்டது முழுசா வர்ற வரைக்கும் சுத்தி சுத்தி படி"ங்கற ஒரு ஹெல்பரை ஒரே ஒரு தடவை மேல எழுதி வைங்க, பார்சர் அதை மட்டும் கூப்பிடட்டும். பாதியில ஃபைல் முடிஞ்சா அது தனி எரர், சுத்தமா ரெக்கார்ட் எல்லையில முடியறது வேற, நடுவுல அறுந்து போறது வேற.

"ஃபைல் முடிஞ்சிடுச்சா"ன்னு கேக்கற ஃபங்ஷன் ஒண்ணை இன்டர்ஃபேஸ்ல வைக்க தோணும். வைக்காதீங்க. ஃபைல் முடிஞ்சதான்னு சொல்ற சி ஃபங்ஷனான எஃப்இஓஎஃப்-ஐ வைல் லூப்ல போட்டு கடைசி ரெக்கார்டை ரெண்டு தடவை ப்ரிண்ட் பண்ணாத சி ப்ரோக்ராமர் ரொம்ப கம்மி. படிச்சு பாத்து ஒண்ணும் கிடைக்கலன்னாதான் முடிஞ்சதே தெரியும், முன்கூட்டி சொல்ல யூஆர்ட்-க்கு வழியே கிடையாது.

பஃபரிங்-ஐ ஒவ்வொரு வகைக்குள்ளயும் எழுதாதீங்க. அது தனி அடுக்கு. கீழ இருக்கற ஸ்ட்ரீம் பச்சையா படிக்கும், அதுக்கு மேல பஃபர் ஸ்ட்ரீம், அதுவும் ஒரு ஸ்ட்ரீம்தான். பார்சர் ஒவ்வொரு எழுத்தா படிக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஃபங்ஷன் பாயிண்டர் வழியா போனா ஸ்லோ, அதனால பஃபர்ல மீதி இருந்தா அங்கேந்தே எடுத்து பொசிஷனை ஒண்ணு நகத்தற சின்ன இன்லைன் ஃபங்ஷன் போடுங்க, காலி ஆனா மட்டும் கீழ போகட்டும். ஸ்டாண்டர்ட் லைப்ரரியில ஒரு எழுத்து படிக்கிற கெட்சி-யை மேக்ரோவா எழுத இடம் விட்டிருக்கறது இதுக்குத்தான். அதோட ரிட்டர்ன் டைப் இன்ட்-ஆவே இருக்கட்டும், கேர்-ல வாங்கினா 255-ங்கற பைட்டும் முடிவுக்கான மைனஸ் ஒண்ணும் ஒண்ணா தெரிஞ்சிடும். மெமரி ஸ்ட்ரீம்ல இன்னொரு லாபம் இருக்கு, பஃபர் பாயிண்டரையே அந்த மெமரிக்கு காட்டிட்டா காப்பியே பண்ண வேண்டியதில்ல. ஒரே எச்சரிக்கை, மேல பஃபர் போட்ட பிறகு கீழ இருக்கற ஸ்ட்ரீமை யாரும் நேரா படிக்கக்கூடாது, பஃபர் முன்கூட்டியே இழுத்து வச்ச பைட்டெல்லாம் அவங்களுக்கு காணாம போயிடும்.

எழுதற பக்கத்துல என்னை ரொம்ப சுட்டது க்ளோஸ். ஒரு இடத்துல ரிப்போர்ட் ஃபைல் பாதியில நிக்குதுன்னு கம்ப்ளைன்ட், லாக்-ல பாத்தா எல்லா ரைட்டும் சக்சஸ். ஃபைல் சைஸ் பாத்தேன், சரியா 8192. அந்த நம்பரை பாத்ததுமே புரிஞ்சிடுச்சு, 4096 பஃபர் ரெண்டு தடவை போயிருக்கு, மூணாவது க்ளோஸ் பண்றப்ப போகணும், அப்ப டிஸ்க் ஃபுல், க்ளோஸோட ரிட்டர்ன் வேல்யூவை யாரும் பாக்கல. அதனால க்ளோஸ் வாய்டு ரிட்டர்ன் பண்ணவே கூடாது. ஃப்ளஷ்னு (பஃபர்ல இருக்கறதை உடனே கீழ தள்ளறது) தனியா ஒண்ணும் வைங்க. எரர் ஒரு தடவை வந்தா ஸ்ட்ரீம்ல ஒட்டிக்கணும், அதுக்கப்புறம் வர்ற ரைட் எல்லாம் ஒண்ணும் செய்யாம அதே எரரை திருப்பி குடுக்கணும், அப்ப 20 ரைட் பண்ணிட்டு கடைசியில ஒரு தடவை செக் பண்ணா போதும், கோடு படிக்கவும் நல்லா இருக்கும். லினக்ஸ்-ல இதை சோதிக்க ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் ஃபுல்-னு ஒரு டிவைஸ் இருக்கு, அதுல எழுதினா எப்பவுமே "இடமில்ல"ன்னு எரர் வரும்.

மேல இருக்கற ஸ்ட்ரீமை க்ளோஸ் பண்ணா கீழ இருக்கறதும் க்ளோஸ் ஆகணுமா? உங்க யூஆர்ட் எப்பவும் ஓப்பனா இருக்கணும், எஸ்டி ஃபைல் க்ளோஸ் ஆகணும், ரெண்டும் நியாயம்தான். உருவாக்கறப்பவே ஒரு ஃப்ளாக் வாங்கிக்கோங்க.

சீக்-க்கு ஆஃப்செட் டைப் 64 பிட்டா போடுங்க, லாங் வேணாம், 64 பிட் விண்டோஸ்லயும் லாங் 32 பிட்தான், 2 ஜிபி தாண்டினா மாட்டும், உங்க லாகை பிசி-யில படிக்கிற டூலும் இதே கோடைத்தான் யூஸ் பண்ணப் போகுது. உண்மையில உங்க பார்சருக்கு சீக் வேணுமான்னே யோசிங்க. எஸ்டிபி_இமேஜ்-னு படங்களை டீகோட் பண்ற சின்ன லைப்ரரி கால்பேக்ல சீக் கேக்கறதே இல்ல, முன்னாடி தாண்டறதுக்கு ஸ்கிப் மட்டும்தான். ஸ்கிப்-ஐ யூஆர்ட்-லயும் பண்ணலாம், படிச்சு தூக்கி போட்டா முடிஞ்சது.

யூஆர்ட்-ல டேட்டா இன்னும் வரலன்னா? என்க்ரிப்ஷன் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்-லோட பயோ ஸ்ட்ரீம்ல "மறுபடி ட்ரை பண்ணு"ங்கற நிலையே தனியா இருக்கு, ஆனா அதை வாங்கிக்க பார்சர் பாதியில நின்னு திரும்ப தொடர்ற மாதிரி எழுதப்பட்டிருக்கணும். உங்களுது அப்படி இல்லன்னு தெரியுது. அதனால காத்திருக்கறதை யூஆர்ட் ஸ்ட்ரீமோட ரீட்-க்குள்ளயே வைங்க, டைம்அவுட் தாண்டினா ஒரு நெகட்டிவ் எரர், பார்சருக்கு ஒண்ணும் தெரிய வேணாம்.

இப்ப கம்ப்ரஷன். கம்ப்ரஷன் லைப்ரரியான ஜீலிப் உங்களை கூப்பிடாது, நீங்கதான் அதை கூப்பிடணும். உள்ள போற பைட்டுக்கு ஒரு பாயிண்டர், எத்தனை மீதி, வெளிய வர்றதுக்கு ஒரு பாயிண்டர், எத்தனை இடம், இந்த நாலையும் ஸ்ட்ரக்ட்ல வச்சுட்டு, சுருக்கினதை விரிக்கிற ஃபங்ஷனான இன்ஃப்ளேட்-ஐ கூப்பிட்டா முடிஞ்ச அளவு நகத்திட்டு திரும்பி வரும். அதனால உங்க இன்ஃப்ளேட் ஸ்ட்ரீமோட ரீட், உள்ள போறது காலியானா கீழேந்து இழுத்து, இன்ஃப்ளேட்-ஐ கூப்பிட்டு, ஒரு பைட்டாவது வெளிய வர்ற வரைக்கும் சுத்தணும். இங்க ஒரு பொறி இருக்கு: இன்ஃப்ளேட் உள்ள போனதை எல்லாம் தின்னுட்டு வெளிய ஒண்ணுமே தராம இருக்கலாம், ஹெட்டர் மட்டும் படிச்சிருக்கும். அப்ப நீங்க ஜீரோ ரிட்டர்ன் பண்ணிட்டா மேல இருக்கறவன் ஃபைல் முடிஞ்சிடுச்சுன்னு கிளம்பிடுவான். இன்ஃப்ளேட் தன் வாயால "ஸ்ட்ரீம் முடிஞ்சது"ன்னு சொன்னா மட்டும்தான் ஜீரோ. அதுக்கு முன்னாடி கீழ ஃபைல் தீந்துட்டா அது முடிவு இல்ல, அறுந்து போன ஃபைல், எரர் குடுங்க. ரேம் கணக்கையும் இப்பவே பாத்துக்கோங்க, விரிக்கிறதுக்கு டீஃபால்ட் செட்டிங்ல 32 கேபி விண்டோ, கூட சுமார் 7 கேபி வேணும், சுருக்கறதுக்கு சுமார் 256 கேபி. உங்க லாகர் சுருக்கணும்னா செட்டிங்கை குறைக்காம முடியாது.

எல்லாம் எழுதின பிறகு ரெண்டு பொய் ஸ்ட்ரீம் எழுதுங்க, ரெண்டும் சேந்து 40 வரி கூட வராது. ஒண்ணு, எத்தனை கேட்டாலும் ஒரு பைட் மட்டும் தரும். என்னோட அந்த 12 பைட் ஹெட்டர் தப்பை அது ரெண்டு செகண்ட்ல பிடிச்சிருக்கும். இன்னொண்ணு, இத்தனாவது பைட்ல எரர் குடுன்னு சொன்னா அங்க குடுக்கும். ஒரு சாம்பிள் கான்ஃபிக்கை எடுத்து அந்த நம்பரை ஜீரோலேந்து ஃபைல் சைஸ் வரைக்கும் ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே பார்சரை ஓட்டுங்க, ஒவ்வொரு தடவையும் அதே எரர் கோடு மேல வந்து சேரணும், மெமரி லீக் இருக்கக்கூடாது. இதை பிசி-யிலயே ஓட்டிடலாம், போர்டு வேணாம். மூணு காப்பியில முதல்ல மெமரி பஃபர் காப்பியை மாத்தி இந்த டெஸ்டை பாஸ் பண்ண வைங்க, அடுத்து எஸ்டி ஃபைல், யூஆர்ட்-ஐ கடைசியா தொடுங்க.