முன்கலந்தாய்வைத் தவறவிட்டாலும் பேசலாம்

இங்கிலாந்தில் உங்கள் ஊர் வழியாக வரப்போகும் கடல் காற்றாலைக் கேபிள் பற்றி, விண்ணப்பிக்கும் முன் ஊர்மக்களின் கருத்தைக் கேட்க நிறுவனம் நடத்திய முன்கலந்தாய்வைத் தவறவிட்டீர்கள், இனி பேச முடியாதா என்று கேட்கிறீர்கள். முடியும். 100 மெகாவாட்டைத் தாண்டிய திட்டம் என்றால் 2008 திட்டமிடல் சட்டப்படி முடிவெடுப்பது எரிசக்தி அமைச்சர்தான், அதற்கு முன் ஆய்வாளர்கள் 6 மாதம் வரை விசாரிப்பார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு கருத்தைப் பதிவுசெய்யக் குறைந்தது 28 நாள் அவகாசம் வரும். அதற்குள் சுருக்கமாக எழுதிப் பதிந்துவிட்டால் விசாரணை முழுக்க எழுதவும் பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் காற்றாலையே வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள், அதன் தேவையை அரசின் தேசியக் கொள்கை அறிக்கை ஏற்கெனவே சொல்லிவிட்டது, அங்கே அந்த வாதம் எடுபடாது. லாரிகள் எந்தச் சாலையில் எந்த நேரத்தில் வரும், வயல் வடிகால் என்னாகும், பக்கத்துத் திட்டத்தின் கேபிளும் சேர்ந்தால் பாதிப்பு எவ்வளவு என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நிஜமாகவே வலு இருக்கிறது: நார்ஃபோக் வான்கார்ட் என்ற கடல் காற்றாலைத் திட்டத்தின் அனுமதியை 2021இல் உயர் நீதிமன்றம் ரத்துசெய்ததே, பக்கத்துத் திட்டத்தோடு சேர்ந்து வரும் பாதிப்பைக் கணக்கில் எடுக்காததால்தான். மறு ஆண்டு அனுமதி திரும்பக் கிடைத்தது, ஆனால் அந்தப் பாதிப்பையும் எடைபோட்ட பிறகு.

அப்புறம், கேபிளுக்காக உங்கள் நிலத்தையே எடுப்பதாக இருந்தால் உடனே சொல்லுங்கள், அதற்கு வழி வேறு.