ஸ்டிக்கர் கிழிக்காத டம்ளர்

கேள்வி: வேலூரில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். என்னைப் போன்ற நாலைந்து பேர் சேர்ந்து, புதன்கிழமைதோறும் அணைக்கட்டு பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், படுக்கையில் கிடப்பவர்களைச் சம்பளம் வாங்காமல் பார்த்து வருகிறோம். காலனியில் ஒரு பெரியவருக்கு சுகர், இடது பாதத்தில் புண். மூன்று மாதமாக டிரஸ்ஸிங் செய்கிறேன். நான் போட்ட கட்டைப் பிரித்துவிட்டுப் பச்சிலை வைக்கிறார்கள். மாத்திரை அட்டை அப்படியே கிடக்கிறது. மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, கண்ணில் படுவதே இல்லை. மருமகள் பீடி சுற்றுகிறாள். போனதும் டீ வைப்பாள், எனக்கென்று புது டம்ளர்கூட வாங்கி வைத்திருந்தாள், ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. நான் அந்த வீடுகளில் எதுவும் குடிப்பதில்லை, பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவேன். மதியம் ஊருக்குள் தெரிந்தவர் வீட்டில் சாப்பிட்டுத் திரும்புவோம். போன வாரம் அந்தப் பெண், "இனிமே நாங்களே பாத்துக்கறோம்மா" என்று சொல்லிவிட்டாள். நன்றி கெட்டவர்கள் என்கிறார் என் கணவர். நிறுத்திவிடட்டுமா?

– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: சகோதரி, புண்ணையும் மாத்திரையையும் பிறகு பேசுவோம். அந்த டம்ளர் என்ன ஆயிற்று?

இலையை நனைத்து, அளவு பார்த்துக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஒவ்வொரு பீடியாக எண்ணிக் கூலி வாங்குகிற பெண் அவள். ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்க எத்தனை பீடி சுற்றியிருப்பாள்? வீட்டில் டம்ளர் இல்லாமலா வாங்கினாள்? தாங்கள் வாய் வைத்ததில் கொடுத்தால் நீங்கள் குடிக்க மாட்டீர்கள் என்று நினைத்துத்தான் வாங்கினாள். யாரும் வாய் வைக்காதது என்று உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வைத்தாள். அதையும் நீங்கள் தொடவில்லை.

தண்ணீர் சுத்தமாக இருக்காது என்று சொல்வீர்கள். டீ கொதித்துத்தானே இறங்குகிறது? முப்பது வருஷம் ஊசியையும் கத்தரியையும் கொதிக்க வைத்தவருக்கு இதை நான் சொல்லவா? ஊருக்குள் சாப்பிடும் வீட்டுக்கும் அந்தப் பாட்டிலை எடுத்துப் போகிறீர்களா? கடிதத்தில் அப்படி இல்லை. நீங்கள் எழுதாமல் விட்ட சொல்லை நான் எழுதுகிறேன்: சாதி. 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். உங்கள் பையில் அது பாட்டிலாக இருக்கிறது. சீழ் வடியும் காலை மடியில் வைத்துத் துடைக்கிற கை, டம்ளரைத் தொடக் கூசுவானேன்?

வேலூரில் வேலை பார்த்தவருக்கு, அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை தெரியாமல் இருக்காது. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைப் பார்க்க ஐடாவை அழைத்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றதற்கு, வேற்று ஆண் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். யார் யாரைத் தொடலாம் என்ற கணக்குக்குப் போன உயிர்கள் அவை. பிறகு அவர் 1909-ல் வேலூரில் நர்ஸ் பள்ளி தொடங்கியதும், குடியாத்தம் சாலையோரம் மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்ததும் அந்த ராத்திரியிலிருந்து வந்தவை. அந்த ஊரில் வேலை பார்த்துவிட்டு அதே கணக்கோடு வீடு வீடாகப் போகிறீர்களே!

உங்கள் மகன் வீட்டுக்குப் போகிறீர்கள். மருமகள் காபி கொண்டுவந்து வைக்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, "குழந்தைக்கு இதைக் கொடு, அதைக் கொடுக்காதே" என்று சொல்லிப் பாருங்கள். அவள் கேட்பாளா? கேட்க மாட்டாள், கேட்கவும் வேண்டாம். இந்தப் பெண் மூன்று மாதம் பொறுத்திருக்கிறாள், சகோதரி. கடைசியிலும் "அம்மா" என்று கூப்பிட்டுத்தான் வேண்டாம் என்றிருக்கிறாள்.

என் அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் வந்த நர்ஸ், வேலை முடிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து எங்களோடு கஞ்சி குடிப்பார். குடித்துக்கொண்டே, ராத்திரியில் யார் எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது என்று எங்கள் சண்டையைத் தீர்த்துவைப்பார். இரண்டு மணிக்கு ஒரு தரம், நாலு மணிக்கு ஒரு தரம் என்று நாங்கள் முறை போட்டுக்கொண்டது அந்தக் கஞ்சி நேரத்தில்தான். அம்மாவுக்குப் படுக்கைப்புண் வரவில்லை.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஏன் விழுங்கவில்லை என்று உட்கார்ந்து கேட்டீர்களா? சில சுகர் மாத்திரைகளைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். ஒரு தரம் அப்படி ஆகியிருந்தால், மாத்திரைதான் அப்பாவைக் கொல்கிறது என்று அந்த வீடு நினைக்காதா? சுகர்காரருக்குப் பாதம் மரத்துப்போவதால் வலி தெரியாது. புண்ணை ஊன்றிக்கொண்டே நடப்பார், கட்டு எத்தனை போட்டாலும் ஆறாது. இதை அந்த மகனிடம் யார் சொன்னார்கள்? அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இருக்குமே, நீங்கள் ஏன் புதன்கிழமையே போகிறீர்கள்? அப்பனைப் பார்ப்பது மகன் கடமை, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரருக்குத் தனியாகப் பதில் கிடையாது. யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவரே சொல்லட்டும்.

நிறுத்தாதீர்கள். வருகிற ஞாயிறு பாட்டில் இல்லாமல் போங்கள். வயதில் சின்னவள் என்று பார்க்காமல், "தப்பு என்மேலதாம்மா" என்று அவளிடம் சொல்லுங்கள். திண்ணையில் உட்கார்ந்து, டீ கேட்டு வாங்கிக் குடியுங்கள். பிறகு காஸ் துணியையும் சலைனையும் அவள் கையில் கொடுத்து, மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைய கட்டை அவளையே கட்டச் சொல்லுங்கள்.