உங்கள் கோப்பு உங்கள் கையில் இருக்கட்டும்: வெளிநாட்டுப் படிப்புக்குப் புறப்படுகிறவர்களின் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வீட்டு விறாந்தையில் பத்து ஆண்டுகளாக மாணவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். காசு வாங்குவதில்லை. நானும் இங்கிலாந்தில் படித்துத் திரும்பியவள். முதல் தடவை விசா மறுக்கப்பட்டு, இரண்டாம் தடவைதான் போய்ச் சேர்ந்தேன். உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு கேள்விகள் குவியும். அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பருத்தித்துறை, மாணவன்: அக்கா, என் படிப்புச் செலவைக் கனடாவில் இருக்கும் மாமா பார்ப்பதாகச் சொல்கிறார். காசை உண்டியலில், அதாவது வங்கி வழியாக அல்லாமல் ஆள் மூலம், அனுப்பி, அப்பாவின் கணக்கில் போட்டு, ஒரு மாதம் காட்டிவிட்டு எடுத்தால் போதும் என்கிறார்கள். சரிதானா?

சரியில்லை தம்பி. இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உண்டியல் காசு கெதியாக வரும், வீட்டு வாசலுக்கே வரும். போர்க்காலத்தில் அதை நம்பித்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காசுக்கு ஒரு துண்டுக் கடதாசிகூடக் கிடையாது. விசா அதிகாரி தொகையை மட்டும் பார்ப்பதில்லை, அது வந்த வழியையும் பார்க்கிறார். மாதம் நாற்பதாயிரம் ரூபாய் வந்து போன கணக்கில் ஒரே நாளில் ஐம்பது இலட்சம் விழுந்தால், இது யாருடைய காசு என்று எவரும் கேட்பார்கள். உங்களிடம் உண்மையான பதில் இருக்கிறது. அதைக் காட்டப் பத்திரம்தான் இல்லை.

கனடாவில் கியூபெக்குக்கு வெளியே படிக்கப் போகும் தனி மாணவர், 2025 செப்டெம்பர் 1 முதல், முதலாம் ஆண்டுக் கட்டணமும் பயணச் செலவும் தவிர 22,895 கனேடிய டொலர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டும். மாமா உண்மையிலேயே உதவுகிறார் என்றால், முதலாம் ஆண்டுக் கட்டணத்தை அவரே தன் வங்கியிலிருந்து கல்வி நிறுவனத்துக்கு நேரடியாகக் கட்டலாம். கனேடிய வங்கியில் உங்கள் பெயரில் உத்தரவாத முதலீட்டுச் சான்றிதழ் ஒன்றை வாங்கலாம். நீங்கள் அங்கே போனபின் அந்தப் பணம் தவணை தவணையாக உங்களுக்கே திரும்பி வரும். அவருடைய வருமான வரிப் பத்திரம், வேலைக் கடிதம், கணக்குக் கூற்று, 'இவன் என் தங்கையின் மகன்' என்று விளக்கும் கடிதம், உறவை நிறுவும் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இங்கிலாந்துக்கு இது பொருந்தாது. அங்கே உங்கள் கணக்கில் அல்லது பெற்றோர், சட்டப்படியான பாதுகாவலர் கணக்கில் காசு இருக்க வேண்டும். மாமாவின் கணக்கு எத்தனை கோடி காட்டினாலும் எடுபடாது. அந்தத் தொகை தொடர்ச்சியாக 28 நாட்கள் குறையாமல் இருக்கவும் வேண்டும். நான் விழுந்தது இந்த இடத்தில்தான். 2011இல் அம்மாவின் கணக்கில் தேவையான பணம் இருந்தது. இருபதாம் நாள், சின்னம்மாவின் மகளுடைய சாமத்தியச் சடங்குக்கென்று அம்மா முப்பதாயிரம் ரூபாய் எடுத்தார். மூன்றாம் நாள் திரும்பப் போட்டும்விட்டார். அந்த மூன்று நாட்களுக்காக என் விசா மறுக்கப்பட்டு, ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி அழுவார். பிழை அவருடையது அல்ல. விதியை வாசித்து அவருக்கு விளக்கியிருக்க வேண்டியவள் நான்.

கோப்பாய், மாணவி: கடவுச்சீட்டில் என் பெயர் ஒரு விதமாகவும் உயர்தரச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் சேராமல் என் பெயர் மட்டும்தான். இது பெரிய பிரச்சினையா?

இப்போதே கவனித்தால் சிறிய பிரச்சினை தங்கச்சி. விசா நேர்காணலுக்கு முதல் நாள் கண்டுபிடித்தால் பெரிய பிரச்சினை.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயரை முன்னால் போட்டு நம் பெயரைப் பின்னால் எழுதுகிறோம். பள்ளிக்கூடம் அதை முதலெழுத்தாகச் சுருக்கும். கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயர் ஆகும். போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. 'த' என்ற ஓசைக்கு ஒருவர் ஓர் எழுத்துப் போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். நமக்கு ஒரே பெயர், வெளிநாட்டுக் கணினிக்கு இரண்டு ஆட்கள்.

கடவுச்சீட்டில் உள்ளதே இனி உங்கள் பெயர் என்று முடிவெடுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பம், ஆங்கிலப் பரீட்சை, வங்கிக் கணக்கு, விமானச் சீட்டு எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கள், அதே வரிசை. பழைய பத்திரங்களில் உள்ள வேறுபாட்டுக்கு, இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். தமிழில் இருக்கும் பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் எழுதும்படி கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தன் மனம் போல எழுதிவிட்டால் மூன்றாவது பெயர் ஒன்று பிறந்துவிடும். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் அதற்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டியதில்லை, யாழ். மாவட்டச் செயலகத்திலேயே கொன்சியூலர் பிரிவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

நல்லூர், மாணவன்: ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையை எப்போது எழுதலாம்?

பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். உயர்தரப் பரீட்சை முடிந்து மூன்று, நான்கு மாதங்களில் எழுதுங்கள். பல்கலைக்கழகத்துக்கென்றால் 'அக்கடமிக்' பிரிவு. பொதுப் பிரிவை எழுதிவிட்டு வந்து நிற்காதீர்கள்.

சுன்னாகம், மாணவன்: முகவர் ஒருவர் எனக்காக மின்னஞ்சல் கணக்குத் திறந்து எல்லாவற்றையும் தானே பார்ப்பதாகச் சொல்கிறார். கடவுச்சொல்லைத் தரவில்லை. கேட்டால், 'உனக்கு ஏன் தம்பி கரைச்சல்' என்கிறார்.

அந்தக் கரைச்சல் உங்களுக்குத்தான் வேண்டும். விண்ணப்பத்தில் கையொப்பம் உங்களுடையது. அதற்குள் ஒரு பொய்ப் பத்திரம் இருந்தால், 'முகவர் வைத்தார், எனக்குத் தெரியாது' என்ற பதிலை யாரும் ஏற்கமாட்டார்கள். கனடாவில் பொய்த் தகவலுக்கு 5 ஆண்டுத் தடை, இங்கிலாந்தில் ஏமாற்றுக்கு 10 ஆண்டுத் தடை. முகவர் அடுத்த நாளும் அலுவலகம் திறப்பார். இழப்பு முழுவதும் உங்கள் இருபதுகளிலிருந்து போகும்.

2023இல் கனடாவில், பொய்யான அனுமதிக் கடிதங்களோடு வந்து சேர்ந்த இந்திய மாணவர்களின் கதை வெளியே வந்தது. அவர்களில் பலருக்குத் தங்கள் கடிதம் பொய் என்பதே தெரிந்திருக்கவில்லை. அந்த ஆண்டு டிசெம்பர் 1 முதல் ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் கல்வி நிறுவனத்திடமே கேட்டு உறுதிப்படுத்துகிறார்கள். முதல் பட்டத்துக்குப் போகிறவருக்கு மாகாணத்தின் சான்றுக் கடிதமும் வேண்டும்.

எல்லா முகவரும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எவரும் கடவுச்சொல்லை மறைப்பதில்லை. உங்கள் பெயரில் நீங்களே மின்னஞ்சல் திறந்து அவருக்கு விவரங்களைக் கொடுங்கள். அனுப்பும் முன் விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வாசியுங்கள். பல்கலைக்கழகத்துக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் எழுதி, என் விண்ணப்பம் வந்ததா என்று கேளுங்கள். இதற்கு அவர் கோபித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மானிப்பாய், தாய்: பிள்ளை, என் சீதனக் காணியை ஈடு வைத்து மகனை லண்டனுக்கு அனுப்பலாம் என்று யோசிக்கிறேன். அவன் அங்கே பகுதிநேரம் வேலை செய்து இரண்டு வருடத்தில் மீட்டுத் தருவேன் என்கிறான்.

அம்மா, மகன் மனதாரத்தான் சொல்கிறான். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. உங்களோடு இருந்து போட்டுப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மாணவ விசாவில் பட்டப்படிப்பின் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். 18 முதல் 20 வயது வரையானவர்களுக்கு 2025 ஏப்ரலில் சட்டம் வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10 பவுண். அப்படியென்றால் வாரம் 200, மாதம் ஏறத்தாழ 870 பவுண். லண்டனில் ஒரு மாணவர் வாழ மாதம் 1,529 பவுண் வேண்டும் என்று, 2025 நவம்பர் முதல், பிரித்தானிய அரசே விசாவுக்காகக் கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் முழு வேலை கிடைத்தாலும் அவன் வாழ்க்கைச் செலவில் பாதிக்குச் சற்று மேல்தான் ஈடு செய்வான். கட்டணத்துக்கு ஒரு சதமும் மிஞ்சாது. சுகாதார மேலதிகக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண் வேறு. அப்படியிருக்க ஈட்டு வட்டியை எதிலிருந்து கட்டுவான்? 20 மணித்தியாலத்தை மீறிக் களவாக வேலை செய்துதான். பிடிபட்டால் படிப்பும் போகும், காணியும் போகும். ஒரு பிள்ளை அங்கே நித்திரை இல்லாமல் நின்று வேலை செய்து, வீட்டுக்கு அழைப்பு எடுத்து 'நான் நல்லா இருக்கிறேன் அம்மா' என்று சொல்வதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். உங்கள் மகன் அப்படிச் சொல்ல வேண்டாம்.

முதலாம் ஆண்டு முழுவதற்கும் கட்டணமும் செலவும் கடனில்லாமல் இருந்தால், மிகுதிக்குக் கொஞ்சம் கடன் எடுப்பதை யோசிக்கலாம். முழுவதும் ஈட்டில்தான் என்றால் இந்த வருடம் வேண்டாம். இந்திய அரசின் புலமைப்பரிசில்களைப் பாருங்கள். நேரு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி பெயர்களில் இலங்கை மாணவர்களுக்கென்றே இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் விசாரிக்கலாம்.

இன்னொன்று அம்மா. நமக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தும் என்பதால் உங்கள் சீதனக் காணியானாலும் ஈடு வைக்கக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அவரோடு பேசாமல் யாருடைய பத்திரத்திலும் கையொப்பம் இடாதீர்கள்.

சாவகச்சேரி, மாணவன்: யாழ். பல்கலைக்கழகத்தில் பொறியியல் கிடைத்திருக்கிறது. கனடாவில் ஒரு கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமாவும் கிடைத்திருக்கிறது. நண்பர்கள் கனடாவுக்குப் போ என்கிறார்கள்.

நான் கிளிநொச்சிக்குப் போ என்கிறேன். அங்கே அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கட்டணமில்லாமல் நான்கு வருடப் பட்டம் இருக்க, கோடிக்கணக்கில் கட்டி ஒரு டிப்ளோமாவுக்குப் போவதை என்னால் ஆதரிக்க முடியாது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இலிருந்து வோஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர். கனடா, அவுஸ்திரேலியா, பிரித்தானியா எல்லாம் அதில் உண்டு. நிறுவகம் அங்கீகரித்த பட்டத்துக்கு அங்கெல்லாம் மதிப்பு இருக்கிறது. உங்கள் துறைக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பீடத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கனடாவிலும் 2024 நவம்பருக்குப் பின் நிலை மாறிவிட்டது. கல்லூரி டிப்ளோமா முடித்தவர்களுக்கு, குறிப்பிட்ட துறைகளில் படித்திருந்தால்தான் படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதி. இங்கே பட்டம் முடித்துவிட்டு முதுகலைக்குப் போங்கள். அப்போது பொதுநலவாயப் புலமைப்பரிசில், எராஸ்மஸ் முண்டஸ் என்று கதவுகள் பல திறக்கும். முதல் பட்டத்துக்கு அப்படி ஒன்று கிடைப்பது அரிது.

காரைநகர், மாணவி: கனடாவில், ஸ்காபறோவில் பெரியம்மா வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். பல்கலைக்கழகம் வோட்டர்லூவில். போய் வரலாம்தானே?

முடியாது. ஸ்காபறோவிலிருந்து வோட்டர்லூ நூறு கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தினமும் வவுனியாவுக்குப் படிக்கப் போவதைப் போன்றது. பனிக்காலத்தில் இன்னும் கடினம். முதலாம் ஆண்டு பல்கலைக்கழக விடுதியில் இருங்கள், பெரியம்மா வீட்டுக்கு விடுமுறையில் போங்கள். மனம் நோகாமல் சொல்ல ஒரு வழி உண்டு: முதல் வாரம் அவர்கள் வீட்டிலேயே இறங்கி, குளிருடுப்பை அவர்களோடு கடைக்குப் போய் வாங்குங்கள். இங்கிருந்து வாங்கிப் போகும் மேலாடை ஒன்றும் அந்தக் குளிருக்குத் தாங்காது.

வேலணை, மாணவன்: மெல்பேர்ணுக்குப் போகிறேன். அம்மா கருவாடு, மிளகாய்த்தூள், ஒடியல் மா எல்லாம் கட்டுகிறார்.

கொண்டுபோகும் உணவு ஒவ்வொன்றையும் வருகை அட்டையில் 'ஆம்' என்று குறியுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் எடுத்து எறிவார்கள். மறைத்தால் தண்டப்பணம், விசா இரத்தாகவும் கூடும். வறுத்த தூள் ஒரு கிலோ போதும். மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் பல கடைகளில் நம் சாமான் கிடைக்கும்.

அரியாலை, மாணவி: வகுப்பில் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. நான் தமிழ் மொழிமூலம் படித்தவள்.

நானும்தான். முதல் ஆறு வாரம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு விரிவுரையாளரின் அறைக்குப் போய், எனக்கு விளங்கவில்லை என்று ஒரே ஒரு வசனம் சொன்னேன். அவர் ஒரு மணித்தியாலம் இருத்தி விளக்கினார். அங்கே ஆசிரியர்கள் மாணவரைச் சந்திக்கவென்றே நேரம் ஒதுக்கியிருப்பார்கள். அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் ஆங்கிலத்தை யாரும் அளக்கப்போவதில்லை.

உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது எழுத்தில். ரியூசனில் சேர் தந்த விடையை அப்படியே எழுதிப் புள்ளி வாங்கிப் பழகியவர்கள் நாம். அங்கே ஒரு நூலிலிருந்து இரண்டு வரியை ஆசிரியர் பெயர் சொல்லாமல் எழுதினாலும் அது திருட்டு. அறியாமல் செய்தேன் என்பதற்கு முதல் தடவை மன்னிப்புக் கிடைக்கலாம், இரண்டாம் தடவை இல்லை. முதல் வாரத்திலேயே நூலகத்தில் மேற்கோள் காட்டும் முறையைச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த வகுப்பைத் தவறவிடாதீர்கள்.

யாழ்ப்பாணம், தாய்: அடுத்த வாரம் மகள் ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறாள். கடைசியாக எதைப் பார்க்க வேண்டும்?

கடவுச்சீட்டு, விசா அனுமதிக் கடிதம், பல்கலைக்கழகக் கடிதம், மாகாணச் சான்று, கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு, நிதிப் பத்திரங்கள், தங்குமிட முகவரி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போடவேண்டாம். படிப்பு அனுமதிப் பத்திரத்தை அங்கே விமான நிலையத்தில்தான் அச்சிட்டுத் தருவார்கள். வெளியே வருமுன் அதில் பெயரையும் காலாவதித் திகதியையும் அங்கேயே நின்று வாசிக்கச் சொல்லுங்கள், பிழை இருந்தால் அப்போதே திருத்தலாம். அழைப்பு எடுக்கும் நேரத்தை இப்போதே பேசி வையுங்கள். கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை வித்தியாசம். நீங்கள் காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணீர் குடிக்கும்போது அவளுக்கு முதல் நாள் இரவு எட்டரை, இல்லாவிட்டால் ஏழரை. அந்த நேரம் இருவருக்கும் வசதி.