டேம் இம்பாலாவின் கிட்டார் எங்கே போனது?

கேள்வி: பத்து வருடங்களுக்கும் மேலாக டேம் இம்பாலா என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவைக் கேட்கிறேன். அவர்களின் 'லோனரிசம்' ஆல்பம் எனக்கு மனப்பாடம். ஆனால் 2025இல் வந்த 'டெட்பீட்' ஆல்பத்தில் டும் டும் என்று டான்ஸ் அடிதான், கிட்டாரைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இதை எப்படித்தான் கேட்பது? இல்லை, விட்டுவிடலாமா?

பதில்: முதலில் ஒன்று. போன் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால், நீங்கள் இன்னும் இந்த ஆல்பத்தைக் கேட்கவில்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடி பேஸ் வரவே வராது. நெஞ்சில் இறங்க வேண்டிய கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) வெறும் 'டிக் டிக்' ஆகிவிடும். ஓரளவு நல்ல ஹெட்போன் அவசியம்.

அப்புறம், டேம் இம்பாலா மேடையில்தான் ஒரு குழு. ஸ்டுடியோவில் அது கெவின் பார்க்கர் என்ற ஒரே ஆள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்காரர். எழுதுவது, வாசிப்பது, பாடுவது, பதிவு செய்வது எல்லாம் பெரும்பாலும் அவரே. பான்ட் என்ற இன்னொரு பெர்த் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவரும் கூட. அவர் பாட்டுகளுக்குத் திறவுகோல் அந்த டிரம்ஸ்தான் என்பது என் கட்சி. 2012இல் வந்த உங்கள் 'லோனரிசம்' ஆல்பத்தையே எடுங்கள். 'எலிஃபன்ட்' பாட்டில் ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) போட்ட கிட்டாரைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அடியில் ஒரே தாளக்கட்டு விடாமல் உருண்டுகொண்டிருக்கும். அது அன்றைக்கே ஆட்டத்துக்கான தாளம்தான்.

கிட்டார் காணாமல் போனதும் இப்போது அல்ல, 2015இல். முதல் இரண்டு ஆல்பங்களுக்கு மிக்ஸிங் (பதிவான ஒலிகளைக் கலந்து சமன் செய்வது) செய்தவர் டேவ் ஃப்ரிட்மன். அந்த வருடம் வந்த 'கரண்ட்ஸ்' ஆல்பத்துக்குப் பார்க்கர் அதையும் தானே செய்தார். சிந்தசைசரும் பேஸும் முன்னால் வந்தன, கிட்டார் பின்வரிசைக்குப் போனது. அதன் முதல் பாட்டான 'லெட் இட் ஹேப்பன்' கிட்டத்தட்ட எட்டு நிமிடம். நடுவில் கீறல் விழுந்த சிடி மாதிரி ஒரே துண்டில் சிக்கிக்கொள்ளும். முதல் தடவை நான் போனைத் தட்டிப் பார்த்தேன்!

'டெட்பீட்' அந்தப் பாதையில் இன்னும் ஓர் அடி. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஊருக்கு வெளியே, திறந்தவெளியில் விடிய விடிய நடக்கும் டெக்னோ (மின்னணு ஆட்ட இசை) கூத்துக்கு 'புஷ் டூஃப்' என்று பெயர். 'டூஃப்' என்பதே அந்த கிக் டிரம் எழுப்பும் ஒலி. பார்க்கர் இந்த ஆல்பத்துக்கான உந்துதலை அங்கிருந்துதான் எடுத்தார்.

சரி, டேம் இம்பாலாவின் பழைய அடையாளமான சைக்கடெலிக், அதாவது கனவு மயக்கம் தரும் இசை, என்று இதையும் சொல்லலாமா? எனக்குச் சந்தேகமே இல்லை. 1966இல் பீட்டில்ஸ் செய்த 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டில் என்ன இருக்கிறது? தம்புராவின் சுருதி, ஆரம்பம் முதல் முடிவு வரை மாறாத டிரம்ஸ், சுற்றிச் சுற்றி வரும் டேப் லூப்கள். கிட்டார் வருகிற இடத்தில்கூட டேப்பைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் ஒலியில் நேரம் கரைவதுதான் இந்த இசையின் மையம். அதைக் கிட்டாரிலும் செய்யலாம், கிக் டிரம்மிலும் செய்யலாம்.

ஆகவே ஆல்பத்தை முதலிலிருந்து தொடங்காதீர்கள். 'லெட் இட் ஹேப்பன்', அடுத்து ஜஸ்டிஸ் என்ற பிரெஞ்சு இரட்டையருடன் பார்க்கர் 2024இல் பாடிய 'நெவரெண்டர்', அதன் பிறகு 'டெட்பீட்' ஆல்பத்தின் 'எதீரியல் கனெக்‌ஷன்', 'எண்ட் ஆஃப் சம்மர்'. கடைசி இரண்டும் ஏழு நிமிடத்தைத் தாண்டும். தாவாமல் கேளுங்கள். தாளம் அப்படியே நிற்க, மேலே ஒலிகள் எப்படி மெல்ல நிறம் மாறுகின்றன என்று கவனியுங்கள். பழைய பாட்டுகளில் ஃபேஸர் (ஒலியைச் சுழல வைக்கும் கருவி) போட்ட கிட்டார் செய்த அதே வேலை அது.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் வரும் சின்னப் பாப் பாட்டுகள் சில எனக்கும் அரைவேக்காடாகத்தான் பட்டன. ஒலிக்கு உழைத்த அளவு வரிகளுக்கு அவர் உழைக்கவில்லை. அங்கே நீங்கள் நிறுத்தியிருந்தால் உங்கள் காதில் கோளாறு இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால் தாராளமாக விட்டுவிடுங்கள். கிட்டார்தான் வேண்டுமென்றால் கிங் கிஸர்ட் அண்ட் தி லிசர்ட் விஸர்ட் குழுவின் 2016 ஆல்பமான 'நோனகன் இன்ஃபினிட்டி' இருக்கிறது. அவர்களே 2023இல் வெளியிட்ட 'தி சில்வர் கார்ட்' பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அது சிந்தசைசர் ஆல்பம்.