உலர்த்தும் ஓவனும் தானே தீப்பற்றும் வெப்பநிலையும்

கேள்வி: ஐயா, பினாங்கு பிறையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். உலோகப் பாகங்களைக் கழுவ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், டொலுயீன், ஹெக்சேன் மூன்றையும் கலந்து நாங்களே ஒரு கரைப்பான் தயாரிக்கிறோம். கழுவியதை உலர்த்த மின்சார ஓவன் வாங்கப் போகிறோம். அதன் ஹீட்டர் பரப்பு 190 டிகிரி வரை போகுமாம். விற்பவர் எங்கள் கரைப்பானின் ‘ஆட்டோ இக்னிஷன்’ வெப்பநிலையைக் கேட்கிறார். எஸ்டிஎஸ் தாளில் (ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாள்) அந்த இடத்தில் ‘தகவல் இல்லை’ என்றுதான் இருக்கிறது. ஃபிளாஷ் பாயிண்ட் இருக்கிறது, அதையே கொடுக்கலாமா? லேபுக்கு அனுப்புவதென்றால் என்ன கேட்க வேண்டும்?

பதில்: ஃபிளாஷ் பாயிண்டைக் கொடுக்காதீர்கள். அது வேறு கேள்விக்கான விடை. பக்கத்தில் ஒரு தீப்பொறி இருந்தால் பற்றிக்கொள்ளும் அளவுக்குத் திரவம் எந்தச் சூட்டில் ஆவி விடுகிறது என்பதை அது சொல்கிறது. விற்பவர் கேட்பது, பொறியே இல்லாமல் வெறும் சூட்டிலேயே ஆவி எப்போது பற்றும் என்பதை. மின்சார அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு, போன் வந்ததென்று நகர்ந்த வீடுகளில் நடப்பது இதுதான். முதலில் புகை, அப்புறம் யாரும் தீ வைக்காமலேயே குப்பென்று பற்றும்.

இரண்டு எண்களும் சேர்ந்து ஏறி இறங்குவதும் இல்லை. பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே பற்றும் அளவுக்கு ஆவி விடும். டீசலுக்கு 50 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் சூடான இரும்பில் சொட்டினால் டீசல்தான் முந்திக்கொண்டு பற்றும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாததும் இதனால்தான்.

இப்போது உங்கள் கலவையைப் பார்ப்போம். தனித்தனியாக எடுத்தால் டொலுயீன் சுமார் 480 டிகிரி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சுமார் 400, ஹெக்சேன் 225. இவற்றைக் கூட்டிச் சராசரி போட வேண்டாம், கலவை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. லேப் முடிவு வரும்வரை மூன்றிலும் குறைந்த 225-ஐயே உங்கள் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பரப்புச் சூடு அந்த எண்ணில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கடுமையான இடங்களில் பின்பற்றும் கணக்கு. 225-க்கு அது 180. அப்படியென்றால் 190 டிகிரி ஹீட்டர் இப்போதே கோட்டைத் தாண்டிவிட்டது.

லேபில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் வருடக்கணக்கில் கையால் செய்த சோதனை இது. ஏஎஸ்டிஎம் ஈ659 என்ற தரச் சோதனை முறையில் 500 மில்லி உருண்டைக் குடுவைக்கு அலுமினியத் தாள் சுற்றி மின்உலைக்குள் இறக்குவோம். குடுவையின் சூட்டை வெளியே மூன்று இடங்களிலும் உள்ளே ஓர் இடத்திலும் தெர்மோகப்பிள் அளக்கும். குடுவையின் வாய்க்கு மேலே சாய்வாக ஒரு முகக்கண்ணாடி இருக்கும். எட்டிப் பார்த்தால் முகம் கருகும், அதனால்தான் கண்ணாடி. விளக்கை அணைத்துவிட்டு ஊசியால் 0.1 மில்லி திரவத்தைச் செலுத்தி, ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டுக் காத்திருப்போம். 10 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். பற்றினால் சூட்டைக் குறைத்து மறுபடியும், பற்றாவிட்டால் கூட்டி மறுபடியும் செய்வோம். ஒவ்வொரு முறையும் பழைய ஆவியைக் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். கடைசியில் சில டிகிரி இடைவெளிக்கு வந்ததும், திரவத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, எல்லாவற்றிலும் குறைந்த எண்ணை எழுதுவோம்.

அந்தக் காத்திருப்பில்தான் விஷயமே இருக்கிறது. எல்லைக்குப் பக்கத்தில் தீ உடனே வராது. ஆவியும் ஆக்சிஜனும் மெதுவாக வினைபுரிந்து சூடு சேர்ந்துகொண்டே வரும். சேரும் சூடு வெளியேறும் சூட்டை மிஞ்சும் கணத்தில் பற்றும். பெரிய பாத்திரத்தில் சூடு வெளியேறுவது குறைவு, அதனால் அங்கே இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே பற்றலாம். உங்கள் ஓவன் 500 மில்லி இல்லை, சில நூறு லிட்டர் இருக்கும். லேப் கொடுக்கும் எண்ணைக் கொதிநிலை மாதிரி திரவத்தோடு பிறந்த எண் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் குடுவையில், இந்த முறையில் கிடைத்த எண் அது. 80 சதவீதக் கணக்கை நான் விடாமல் பிடித்துக்கொள்வதும் இதனால்தான்.

இன்னொன்று, இருட்டில் மட்டும் தெரியும் குளிர்ச்சுடர். மங்கிய நீலமாக வந்து மறையும், உள்ளே சூடு கொஞ்சமே ஏறும். முழுத் தீயைவிடக் குறைந்த வெப்பநிலையில் வரக்கூடும் என்பதால், அதைக் கண்டார்களா என்று தனியாகக் கேளுங்கள். முறையின் பெயர், குடுவையின் அளவு, பற்ற எடுத்த நேரம், அன்றைய காற்றழுத்தம், இவை நான்கும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். லேபுக்கு ‘சாம்’ (மலேசிய ஆய்வகங்களுக்கான அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது. அந்த அங்கீகாரத்தின் பட்டியலில் இந்தச் சோதனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஹெக்சேன் மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் ஆவியாகும். பாதி நிரம்பிய பாட்டிலை வெயிலில் நின்ற காரில் கொண்டுபோனால், திறக்கும்போது ஹெக்சேன் கொஞ்சம் போயிருக்கும். எண் உண்மையைவிட உயர்வாக வந்து உங்களை ஏமாற்றும். கண்ணாடிப் பாட்டிலில், விரிவடையக் கொஞ்சம் இடம் மட்டும் விட்டு நிரப்பி, இறுக மூடி, எஸ்டிஎஸ் தாளோடு அனுப்புங்கள். பாகங்களைக் கழுவிய பழைய கரைப்பானிலும் ஒரு மாதிரி அனுப்புங்கள். அதில் கலந்திருக்கும் கட்டிங் ஆயிலும் எண்ணை மாற்றும், ஓவனுக்குள் போவதும் அதுதானே.

முடிவு வந்ததும் எஸ்டிஎஸ்-ன் 9ஆம் பிரிவில் எண்ணோடு முறையின் பெயரையும் எழுதுங்கள். கலவை விகிதம் மாறினால் திரும்பச் சோதிக்க வேண்டும்.

ஓவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூன்று திரவங்களில் கடைசியாகக் கொதிக்கும் டொலுயீனே 111 டிகிரியில் கொதித்துவிடும். உலர்த்த 190 தேவையே இல்லை. சூடு குறைந்த, பரப்பு அகன்ற ஹீட்டரும், ஆவியை வெளியேற்றும் விசிறியும், விசிறி நின்றால் ஹீட்டரும் தானே நிற்கும் இணைப்பும் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஹீட்டர் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், உள்ளே ஆவி தேங்கினால் ஒரு சுவிட்சின் பொறி போதும். விசிறி இணைப்பு இல்லாத ஓவனை வாங்காதீர்கள்.